வீட்டைச் சுத்தி காங்கிரீட் பாதை போடுறதுக்கு முன்னாடி வாட்டத்தைப் பாருங்க

போன மழைக்காலத்துல ஒரு ராத்திரி, மழை நல்லா கொட்டிட்டு இருக்கும்போதே குடையும் டார்ச்சும் எடுத்துக்கிட்டு வீட்டோட பின்பக்கம் போய் நின்னேன். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா பெட்ரூம் சுவத்துல முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிட்டே இருந்துச்சு, பெயிண்ட் உப்பி பொருபொருன்னு உதிரும், சுரண்டி பட்டி பாத்து திரும்ப அடிப்போம், அடுத்த மழைக்கு அதே இடத்துல அதே மாதிரி உப்பும். பைப் லீக்கா இருக்கும்னு ஒருத்தர் சொன்னார், சுவர் வெடிப்புன்னு ஒருத்தர், கெமிக்கல் அடிச்சா நின்னுடும்னு இன்னொருத்தர். டார்ச் வெளிச்சத்துல பாத்ததும் எனக்கு வெளங்கிடுச்சு. வீட்டைச் சுத்தி போட்டிருக்கிற காங்கிரீட் பாதை மேல விழுற தண்ணி தோட்டத்துப் பக்கம் போகாம சுவத்தைப் பாத்து ஓடி வருது, சுவரும் பாதையும் சேர்ற மூலையில விரல்கடை ஆழத்துக்கு நிக்குது, நின்னு மெதுவா அந்த இடுக்கு வழியா கீழ இறங்கிட்டே இருக்கு.

அதுவரைக்கும் அந்தப் பாதைன்னா கால்ல சேறு படாம சுத்தி வர்றதுக்குன்னுதான் நெனச்சிருந்தேன். நடக்குறது ரெண்டாவது வேலைதான், முதல் வேலை தண்ணியை அஸ்திவாரத்துகிட்ட நிக்க விடாம வெளிய தள்ளுறது. கூரையில விழுற தண்ணி, சுவத்துல அடிக்கிற சாரல் எல்லாம் கடைசியில சுவர் ஓரத்துக்குத்தான் வரும், அங்க ஒரு சரிவான தளம் இருந்தா வெளிய போயிடும், உள்பக்கம் சரிஞ்ச தளம் இருந்தா அத்தனையும் அஸ்திவாரத்துக்குப் போகும். அதாவது தப்பா போட்ட பாதையை விட வெறும் மண்ணே மேல்.

வாட்டம், அதாவது இந்தச் சரிவு, எவ்வளவு வேணும்னா அடிக்கு கால் இன்ச், சுமார் 2 சதவீதம். 3 அடி அகலப் பாதைன்னா சுவர் ஓரத்தை விட வெளி ஓரம் முக்கால் இன்ச் கீழ இருக்கணும், அவ்வளவுதான், கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனா தண்ணிக்குத் தெரியும். இதை அளக்க ஒரு சுலபமான வழி இருக்கு: 3 அடி மட்டப்பலகையை எடுத்து வெளிப்பக்க முனைக்குக் கீழ முக்கால் இன்ச் கட்டையை ஆணி அடிச்சு ஒட்டிடுங்க, அதை சுவருக்குக் குறுக்கா வெச்சு மேல ரசமட்டம் வெச்சா குமிழ் நடுவுல நிக்கணும். நின்னா வாட்டம் சரி. நான் இதை எங்க பழைய பாதையில வெச்சுப் பாத்தப்ப குமிழ் தோட்டத்துப் பக்கமா ஓடி ஒட்டிக்கிச்சு, கட்டையை உருவிட்டு வெறும் பலகையை வெச்சுப் பாத்தாலும் அதே பக்கம்தான், அதாவது பாதை மொத்தமா சுவத்தைப் பாத்து சாஞ்சிருக்கு.

இத்தனைக்கும் போட்டப்ப அது வெளிப்பக்கம்தான் சரிஞ்சிருந்துச்சு, நானே தண்ணி ஊத்திப் பாத்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் எப்படி திரும்புச்சு? அஸ்திவாரத்துக்குத் தோண்டும்போது சுவர் அகலத்துக்கு மட்டும் தோண்ட மாட்டாங்க, ஆள் இறங்கி வேலை பாக்க ரெண்டு பக்கமும் ஒன்றரை ரெண்டு அடி சேத்துத் தோண்டுவாங்க, கட்டி முடிச்சதும் அந்தப் பள்ளத்துல தோண்டுன மண்ணையே அள்ளிக் கொட்டி மூடிடுவாங்க. கூடவே உடைஞ்ச செங்கல், சிமெண்ட் பேப்பர், மரத்துண்டு எல்லாம் உள்ள போயிடும். அந்த மண்ணு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா அமுங்கிட்டே இருக்கும், வருஷக்கணக்கா அமுங்கும். அதுக்கு வெளிய இருக்கிறது தொடாத பழைய மண்ணு, அது அமுங்காது. ஒரே பாதையோட ஒரு பாதி புது மண்ணுலயும் ஒரு பாதி பழைய மண்ணுலயும் இருந்தா என்ன ஆகும், சுவர் பக்கம் இறங்கும். இறங்குனா தண்ணி அந்தப் பக்கம் போகும், தண்ணி போகப் போக இன்னும் அமுங்கும், மண்ணு அரிச்சுட்டும் போகும். எங்க வீட்டுல மாடித் தண்ணி இறங்குற பைப்பும் அந்தப் பாதை மேலயே கொட்டிட்டு இருந்துச்சு, அது கொட்டுற இடத்துலதான் இறக்கம் அதிகம்.

இது நடந்துட்டு இருக்கும்போது இன்னொரு பக்கம், பாதையோட மூலையில ஒரு பலகம், அதாவது பாதையில ஒரு துண்டு காங்கிரீட், முக்கால் இன்ச் தூக்கிக்கிட்டு நின்னுச்சு, பக்கத்துல இருந்த மரத்தோட வேர். அம்மா காலையில துணி காயப்போட போகும்போது அதுல தடுக்கி விழுந்து மணிக்கட்டுல அடி, ஆறு வாரம் கட்டு. முக்கால் இன்ச்தான், நாங்க எல்லாரும் தினமும் தாண்டிட்டுப் போன முக்கால் இன்ச். வயசானவங்க காலை அதிகம் தூக்காம தேய்ச்சு நடப்பாங்க, அவங்களுக்கு கால் இன்ச் படியே போதும் தடுக்குறதுக்கு. அம்மா ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே முடிவு பண்ணேன், பாதை முழுக்க இந்தத் தடவை நானே கூட நின்னு பாத்து செய்யணும்னு.

முதல்ல எதை ஒட்டலாம் எதை உடைக்கணும்னு பிரிச்சோம். எங்களுக்கு வேலை பாத்த கொத்தனார் அண்ணன் ஒரு சின்ன சுத்தியலை எடுத்து ஒவ்வொரு பலகமா தட்டிக்கிட்டே போனார், "சத்தத்தைக் கேளு தம்பி" அப்படின்னார். நல்ல இடத்துல கணீர்னு கேக்கும், கீழ மண்ணு இல்லாத இடத்துல பானையைத் தட்டுன மாதிரி டொப்பு டொப்புன்னு கேக்கும். சுவர் ஓரம் முழுக்க டொப்புதான். ஒரு பலகத்தை உடைச்சுத் தூக்கினா கீழ என் கை முழுசா நுழையுற அளவு பொந்து, அந்த நாலு இன்ச் காங்கிரீட் அந்தரத்துல நின்னுட்டு இருந்துச்சு.

வெடிப்பைப் பாத்தும் நெறைய சொல்லலாம். மயிரிழை மாதிரி மேலாக்க வலைவலையா இருந்தா அது போட்ட அன்னைக்கு வெயில்லயும் காத்துலயும் மேல்பரப்பு சீக்கிரம் காஞ்சது, அதனால ஆபத்து இல்ல, விட்டுடலாம். குறுக்கா ஒரே கோடா ரெண்டு பக்கமும் ஒரே மட்டமா இருந்தா அது காங்கிரீட் சுருங்குனதால வந்த வெடிப்பு, தண்ணி இறங்காம அடைச்சா போதும். ஆனா வெடிப்போட ஒரு பக்கம் மேலயும் ஒரு பக்கம் கீழயும் இருந்தா கீழ மண்ணு நகருது இல்ல வேர் தூக்குதுன்னு அர்த்தம், அதை மேல மேல பூசி ஒரு பிரயோஜனமும் இல்ல, நான் ஏற்கனவே மூணு தடவை சிமெண்ட் பூசிப் பாத்தவன், ஒவ்வொரு தடவையும் ஒரு மழை கூட தாங்கல. வெடிப்பு வளருதா நின்னுடுச்சான்னு சந்தேகம் இருந்தா ரெண்டு பக்கமும் பென்சில்ல ஒரு கோடு போட்டு அகலத்தை அளந்து தேதியோட எழுதி வெச்சுட்டு ரெண்டு மூணு மாசம் கழிச்சு அளந்து பாருங்க.

பின்பக்கம் 40 அடி நீளம் முழுக்க உடைச்சு எடுக்குறதுன்னு ஆச்சு. பக்கவாட்டுல இருந்த பாதையில கீழ மண்ணு கெட்டியா இருந்ததால அதை ரிப்பேர் மட்டும் பண்ணோம், அதைக் கடைசியில சொல்றேன்.

உடைச்ச சல்லிகளை எல்லாம் அப்புறப்படுத்திட்டு தோண்டினோம். இங்கதான் எல்லாரும் அவசரப்படுவாங்க, ஏன்னா மண்ணு வேலை வெளிய தெரியாது, காங்கிரீட் மட்டும்தான் தெரியும். ஆனா பாதையோட ஆயுசு மண்ணுலதான் இருக்கு. மொத்தம் 8 இன்ச் தோண்டணும், 4 இன்ச் கிராவலுக்கோ ஜல்லிக்கோ, 4 இன்ச் காங்கிரீட்டுக்கு. சுவர் ஓரத்துல அந்த அள்ளிக் கொட்டின மண்ணை நாங்க ரெண்டு அடி ஆழத்துக்கு எடுத்துட்டோம், உள்ள இருந்து வந்த குப்பையைப் பாத்தா அமுங்காம என்ன செய்யும்னு தோணுச்சு. அப்புறம் நல்ல மண்ணா 4 இன்ச் 4 இன்ச்சா போட்டு ஒவ்வொரு அடுக்கா திமிசுக் கட்டையால இடிச்சோம். மொத்தமா ரெண்டு அடியும் கொட்டிட்டு மேல இடிச்சா மேல் 5, 6 இன்ச் மட்டும்தான் இறுகும், கீழ அப்படியே பொலபொலன்னு கிடக்கும், அதனால அடுக்கு அடுக்காத்தான் போடணும், இதுல குறுக்கு வழியே கிடையாது. இடம் அதிகம்னா மண்ணை அதிர்ந்து இறுக்குற ப்ளேட் காம்பாக்டர் மெஷினை வாடகைக்கு எடுத்துக்கலாம், சுவர் மூலையில மட்டும் கைத்திமிசு.

மண்ணுல ஈரம் எவ்வளவு இருக்கணும்ங்கிறதும் முக்கியம். காஞ்ச மண்ணை எவ்வளவு இடிச்சாலும் இறுகாது, தொளதொளன்னு ஈரமா இருந்தா இடிக்க இடிக்க ரப்பர் மாதிரி அசையும். நடுவுல ஒரு ஈரம் இருக்கு, அதுலதான் மண்ணு அதிகமா நெருங்கி உக்காரும், 1933ல ப்ராக்டர்னு ஒரு அமெரிக்க இஞ்சினியர் அணைக்கட்டு வேலையில இதைக் கண்டுபிடிச்சு எழுதினார், இன்னைக்கும் ரோடு போடுற எல்லா இடத்துலயும் அவர் பேர்லதான் டெஸ்ட் பண்றாங்க. நம்ம வீட்டு வேலைக்கு கை போதும்: ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பிடிச்சா உருண்டையா நிக்கணும், கையில தண்ணி ஒட்டக் கூடாது, உருண்டையை விரலால அழுத்துனா ரெண்டு மூணு துண்டா உடையணும்.

இன்னொரு விஷயம், வாட்டத்தை மண்ணுலயே குடுத்துடணும். மண்ணை மட்டமா விட்டுட்டு மேல காங்கிரீட்டுல சரிவு பண்ணிக்கலாம்னு சொல்லுவாங்க, அப்படிப் பண்ணா சுவர் பக்கம் 4 இன்ச்சும் வெளி ஓரம் மூணேகால் இன்ச்சுமா ஆயிடும், மெலிசான ஓரம்தான் முதல்ல உடையும். மண்ணு, ஜல்லி, காங்கிரீட் மூணும் ஒரே சரிவுல இருந்தா கனம் எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்கும். கார், பைக் ஏறுற இடம்னா 4 இன்ச் பத்தாது, 5, 6 இன்ச் போடுங்க.

உயரமும் பாக்கணும். சுவத்துல ஓதம் ஏறாம இருக்க அஸ்திவாரத்துக்கு மேல ஒரு தடுப்புப் பட்டை போட்டிருப்பாங்க, டிபிசின்னு சொல்லுவாங்க, பாதையோட மேல்மட்டம் அதுக்கு 6 இன்ச்சாவது கீழ இருக்கணும். பழைய பாதை மேலயே இன்னொரு காங்கிரீட் போடுறவங்க இதை மறந்துடுறாங்க, பாதை உசந்து அந்தப் பட்டையைத் தாண்டிடுது, அப்புறம் தெறிக்கிற சாரலும் தேங்குற ஈரமும் நேரா சுவத்துக்குள்ள. கரையான் தொல்லை இருக்கிற வீட்டுலயும் இந்த 6 இன்ச் சுவர் கண்ணுக்குத் தெரியுற மாதிரி இருக்குறது நல்லது, மண்கோடு ஏறுனா உடனே பாத்துடலாம்.

சுவரும் பாதையும் நேரடியா ஒட்டக் கூடாது. ரெண்டும் வேற வேற அஸ்திவாரத்துல இருக்கு, வேற வேற மாதிரி அசையும், ஒட்டிப் போட்டா பாதை இறங்கும்போது சுவர்ப் பூச்சையும் இழுத்துட்டு வரும். நடுவுல அரை இன்ச் ஃபைபர் போர்டு வெச்சோம், கிடைக்கலைன்னா தெர்மாகோல் கூட வெக்கலாம். காங்கிரீட் காஞ்சப்புறம் அந்த போர்டோட மேல் பாகத்தை அரை இன்ச் ஆழத்துக்குக் கிள்ளி எடுத்துட்டு பாலியூரிதேன் சீலண்ட் (ரப்பர் மாதிரி நீளுற பசை) வெச்சு அடைக்கணும், இந்த இடுக்கு வழியாத்தானே எங்க வீட்டுல அத்தனை தண்ணியும் இறங்குச்சு.

பலகை அடிக்கிறதுல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, நூல் கட்டி ரெண்டு மூணு அடிக்கு ஒரு முளை அடிச்சு, பலகை உள்பக்கம் எண்ணெய் தடவி, மட்டப்பலகையால வாட்டத்தை இன்னொரு தடவை பாத்துக்கணும். பாதை வளையுற இடத்துல மெல்லிசு ப்ளைவுட் வளைஞ்சு கொடுக்கும்.

கலவைக்கு கணக்கு: 40 அடி, 3 அடி, 4 இன்ச்னா 40 கன அடி. சிமெண்ட், மணல், ஜல்லி 1க்கு 1½க்கு 3 கலவை, எம் 20ன்னு சொல்ற பலம். அதுக்கு 50 கிலோ சிமெண்ட் 9 மூட்டைக்கு மேல கொஞ்சம், மணல் 17 கன அடி, முக்கால் ஜல்லி 34 கன அடி ஆகும். நாங்க 10 மூட்டையா வாங்கினோம், கடைசி பலகத்துல கலவை பத்தாம பாதியில நிக்கிறது மாதிரி கஷ்டம் எதுவும் இல்ல, ஏன்னா பாதி காஞ்ச காங்கிரீட்டோட புதுசு சரியா ஒட்டாது.

தண்ணி விஷயத்துலதான் அண்ணனுக்கும் எனக்கும் வாக்குவாதம். மூட்டைக்கு 25 லிட்டர்னு நான் பக்கெட்ல அளந்து வெச்சிருந்தேன், அதுலயும் மணல் ஈரமா இருந்ததால மூணு நாலு லிட்டர் குறைச்சேன், ஏன்னா ஒரு மூட்டைக்குப் போற மணல்லயே அவ்வளவு தண்ணி ஒளிஞ்சிருக்கும். அண்ணன் கலவையைப் பாத்துட்டு "இது இழுபடாது தம்பி, இன்னும் ஒரு பக்கெட் ஊத்தினாத்தான் ஓடும்"னார். ஓடும், அது உண்மை. ஆனா சிமெண்ட் கெட்டியாகுறதுக்குத் தேவையானதை விட அதிகமா ஊத்துற தண்ணி எல்லாம் பின்னாடி ஆவியா வெளிய போகும்போது உள்ள நுணுக்கு நுணுக்கா ஓட்டையை விட்டுட்டுப் போகும், அதனால பலமும் குறையும், சுருக்கமும் அதிகமாகும், வெடிப்பும் அதிகமாகும். தண்ணிக்கும் சிமெண்ட்டுக்கும் உள்ள விகிதம்தான் பலத்தை முடிவு பண்ணுதுன்னு டஃப் ஏப்ரம்ஸ்னு ஒருத்தர் 1918லயே ஆயிரக்கணக்குல சோதனை பண்ணி எழுதி வெச்சுட்டார். நான் கேட்டது ஒண்ணுதான், "அண்ணே, ஒரு தடவை குச்சியால நல்லா குத்தி விட்டுப் பாப்போம், அப்பவும் இறங்கலைன்னா நீங்க சொல்றதைக் கேக்குறேன்". குத்தி விட்டதும் கலவை அழகா இறங்கி மூலை எல்லாம் நெறைஞ்சுது, அதுக்கப்புறம் அண்ணனே சித்தாளுகிட்ட "பக்கெட் அளவைத் தாண்டாதம்மா"ன்னு சொல்லிட்டு இருந்தார்.

கம்பி வலை போடணுமான்னு நெறைய பேர் கேக்குறாங்க. நடக்குற பாதைக்குக் கட்டாயம் இல்ல. வலை வெடிப்பை நிறுத்தாது, வெடிச்ச ரெண்டு துண்டும் விலகாம பிடிச்சுக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. போடுறதா இருந்தா கவர் ப்ளாக்னு சொல்ற சின்னக் கட்டையை அடியில வெச்சு காங்கிரீட்டோட நடுவுலயோ கொஞ்சம் மேலயோ நிக்கணும். தரையில விரிச்சுட்டு மேல கலவையைக் கொட்டி கொக்கி போட்டு இழுத்து விடுறோம்னு சொல்றதை நம்பாதீங்க, உடைச்ச எங்க பழைய பாதையில வலை முழுக்க அடி மண்ணுலதான் துருப்பிடிச்சுக் கிடந்துச்சு.

போடுற அன்னைக்கு விடியக்காலையில ஆரம்பிச்சோம், வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும்னு. முதல்ல ஜல்லியை தண்ணி தெளிச்சு நனைச்சு விட்டோம், இல்லைன்னா காஞ்ச தரை கலவையில இருக்கிற தண்ணியை உறிஞ்சிடும், ஆனா தேங்கி நிக்கக் கூடாது. கொட்டி, குத்தி, மட்டப்பலகையை ரம்பம் அறுக்குற மாதிரி அசைச்சு இழுத்து, மணியாஸ் கட்டையால ஒரு தடவை தேய்ச்சதும் நிறுத்திடணும். கொஞ்ச நேரத்துல மேல தண்ணி கசிஞ்சு பளபளன்னு நிக்கும். அந்தத் தண்ணி போற வரைக்கும் கை வைக்காதீங்க. பொறுமை இல்லாம அந்தத் தண்ணியோட தேய்ச்சாலோ, தண்ணியை உறிஞ்சட்டும்னு மேல வெறும் சிமெண்ட் தூவினாலோ மேல ஒரு பலவீனமான தோல் உருவாகும், அடுத்த வருஷம் அது செதில் செதிலா உரியும், பெருக்கப் பெருக்க சாம்பல் மாதிரி தூசி வரும். பளபளப்பு மங்கி, கால் வெச்சா கால் இன்ச் மட்டும் பதியுற பதத்துலதான் இறுதித் தேய்ப்பு.

ஜாயிண்ட் போடுறதைப் பத்தி கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா நான் பாத்த பாதி வீடுகள்ல இது கிடையவே கிடையாது. காங்கிரீட் காயும்போது சுருங்கும், 10 மீட்டர் நீளத்துக்கு சுமார் 5 மி.மீ. வரைக்கும் சுருங்கலாம், அதுபோக வெயிலுக்கு நீளும் குளிருக்குக் குறுகும், 30 டிகிரி வித்தியாசத்துக்கு அதே 10 மீட்டர்ல 3 மி.மீ. கீழ தரை பிடிச்சுக்கிட்டு இருக்கிறதால சுருங்க முடியாம எங்கேயாவது விட்டுத்தான் ஆகணும். நாமளே கோடு கிழிச்சு வெச்சா அந்தக் கோட்டுக்கு அடியில விட்டுக்கும், மேல பாக்க நேர்கோடாத்தான் தெரியும். கோடோட ஆழம் கனத்துல நாலுல ஒரு பங்கு, 4 இன்ச்சுக்கு 1 இன்ச். அழகுக்கு மேலாக்க கீறுன கோடு இந்த வேலையைச் செய்யாது. இடைவெளி பாதை அகலத்துக்குச் சமமா இருந்தா உத்தமம், பலகம் சதுரமா வரும், எப்படியும் அகலத்தை விட ஒன்றரை மடங்கு தாண்டக் கூடாது. எங்களுக்கு 3 அடி அகலம், 3 அடி 4 இன்ச்சுக்கு ஒண்ணுன்னு 12 பலகமா பிரிச்சோம். ஈரமா இருக்கும்போதே க்ரூவர்னு சொல்ற கோடு கிழிக்கிற கருவியை வெச்சு இழுத்துட்டோம், அது இல்லைன்னா கட்டிங் மெஷின்ல அறுக்கலாம், ஆனா மறுநாள் சாவகாசமா அறுக்கலாம்னு விட்டா வெடிப்பு முந்திக்கும், ஓரம் பேராத அளவுக்கு இறுகின உடனே, வெயில் காலத்துல அன்னைக்கு சாயங்காலமே அறுத்துடணும். அறுக்கும்போது தண்ணி விட்டுக்கிட்டே அறுங்க, மாஸ்க் போடுங்க, அந்தத் தூசியில இருக்கிற சிலிக்கா நுரையீரலுக்குப் போனா திரும்ப வராது. ஈர சிமெண்ட்டும் அப்படித்தான், தோலை அரிக்கும், நான் முட்டி போட்டு ஓரம் தேய்ச்சுட்டு பேண்ட் நனைஞ்சதைக் கவனிக்காம விட்டதுல முட்டியில தோல் வெந்து ரெண்டு வாரம் புண்ணு. க்ளவுஸ், பூட்ஸ், முட்டிக்கு ப்ளாஸ்டிக் ஷீட், மூணும் வேணும்.

மேல வழவழன்னு பூச வேண்டாம்னு நான் பிடிவாதமா இருந்தேன், மழையில வழுக்கும். தொடப்பத்தை லேசா நனைச்சு உதறிட்டு, நடக்குற திசைக்குக் குறுக்கா ஒரே இழுப்பா இழுத்தோம், அந்தக் கோடு வாட்டத்தோட திசையிலயும் இருக்கிறதால தண்ணியும் அது வழியா இறங்கிடுது.

க்யூரிங், அதாவது ஈரம் காயாம வெச்சிருக்கிறது, ஏழு நாள். ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கலந்த பிபிசி சிமெண்ட்னா பத்து நாள். சாக்கை நனைச்சுப் போட்டு மேல ப்ளாஸ்டிக் ஷீட் மூடிட்டோம், காலையில சாயங்காலம் தூக்கிப் பாத்து காஞ்சிருந்தா நனைக்கிறது என் பையனோட வேலை. காங்கிரீட் காஞ்சு கெட்டியாகுறது இல்ல, சிமெண்ட் தண்ணியோட சேர்ந்து வேதிவினை நடந்துதான் கெட்டியாகுது, தண்ணி போயிட்டா அந்த வினை பாதியில நின்னுடும். ஏழு நாள்ல 28 நாள் பலத்துல மூணுல ரெண்டு பங்கு வந்துடும், அதுவரைக்கும் ஈரம் இருந்தே ஆகணும். ரெண்டாவது நாள்ல இருந்து நடக்கலாம், கனமான எதையும் ஒரு வாரம் வெக்காதீங்க. பனி உறையுற ஊர்ல இருக்கிறவங்க குளிர்ல போடவே வேண்டாம், 5 டிகிரிக்குக் கீழ போனா வினை ரொம்ப மந்தமாயிடும், உறைஞ்சா கெட்டே போயிடும், அங்க காத்துக் குமிழ் சேர்க்கிற அட்மிக்சர்ங்கிற கெமிக்கல் கலந்த காங்கிரீட்தான் கேட்டு வாங்கணும், உள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு விரியும்போது அந்தக் குமிழ்கள் இடம் கொடுக்கும்.

மாடித் தண்ணி பைப்பை பாதைக்கு அடியில ஒரு குழாய் விட்டு தோட்டத்துல 6 அடி தள்ளி விட்டுட்டோம், காங்கிரீட் போடுறதுக்கு முன்னாடியே, பின்னாடி யோசிச்சிருந்தா உடைக்கணும்.

இனி பக்கவாட்டு ரிப்பேர். ரெண்டு பலகத்துல ஒரே மட்டமா கோடு மாதிரி வெடிப்பு, அதை கிரைண்டர்ல கொஞ்சம் அகலப்படுத்தி, தூசியை ஊதி எடுத்து, உள்ள பேக்கர் ராட்னு சொல்ற நுரைக் கயிறைத் திணிச்சு மேல சீலண்ட் வெச்சோம். கயிறு எதுக்குன்னா சீலண்ட் ரெண்டு பக்கச் சுவத்துல மட்டும் ஒட்டணும், அடியில ஒட்டக் கூடாது, அடியிலயும் ஒட்டினா வெடிப்பு விரியும்போது நீள முடியாம பிஞ்சுடும். சீலண்டோட ஆழம் அகலத்துல பாதி இருந்தா நல்லது. இந்த வெடிப்புல சிமெண்ட் அடைச்சா நிக்காது, அது அசையுற இடம், அதுக்கு அசையுற பொருள்தான் வேணும்.

ஓரம் பேந்து போன இடத்துல ஒட்டு போட்டோம். மெலிசா இழுத்துப் பூசுனா ஒரு மாசத்துல உரிஞ்சிடும், அதனால சுத்தி செங்குத்தா அரை இன்ச்சுக்குக் குறையாம அறுத்து, தளர்ந்ததை எல்லாம் உளியால கொத்தி எடுத்து, வயர் ப்ரஷ் போட்டுக் கழுவினோம். பழைய காங்கிரீட் உள்ள ஈரமா மேல தண்ணி நிக்காம இருக்கிற பதத்துல, லேடெக்ஸ் கலந்த சிமெண்ட் பாலைத் தேய்ச்சு, அது காயுறதுக்குள்ளயே பாலிமர் கலவையை அழுத்தி வெச்சோம். அந்த சிமெண்ட் பால் காஞ்சுட்டா ஒட்டுறதுக்குப் பதிலா பிரிக்கிற வேலையைச் செய்யும், சுரண்டிட்டு புதுசா தடவணும்.

லேசா இறங்கின ஒரு பலகத்தை உடைக்காமலே தூக்கலாம்னு அண்ணன் சொன்னார். 3 அடிக்கு 4 அடி பலகம் 4 இன்ச் கனத்துல 270 கிலோ வரும், கடப்பாரையும் ரெண்டு ஆளும் சேர்ந்து ஒரு ஓரத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்து, அடியில கெட்டியான மணல் சிமெண்ட் கலவையை குச்சியால தள்ளித் தள்ளி நெறைச்சோம். யாரும் கையை அடியில விடக் கூடாதுன்னு அண்ணன் கத்திக்கிட்டே இருந்தார். பெரிய அளவுல இதையே ஓட்டை போட்டு பம்ப் வெச்சு செய்யுற ஆளுங்க இருக்காங்க, சிமெண்ட் குழம்பையோ விரியுற ஃபோமையோ உள்ள அனுப்பித் தூக்குவாங்க, பலகம் முழுசா இருந்து கீழ மட்டும் பொந்துன்னா உடைக்கிறதை விட அது நல்ல வழிதான்.

அம்மாவைத் தடுக்கிவிட்ட அந்த மூலைப் பலகத்தை எடுத்துட்டோம். வேரை வெட்டிடலாம்னு ஒரு யோசனை வந்துச்சு, கை கனத்துக்கு இருந்த வேர், அடிமரத்துல இருந்து மூணு அடிகூட இல்ல, அதை வெட்டினா மரம் காத்துக்கு நிக்காது. பாதையை மரத்தைச் சுத்தி வளைச்சோம், வேர் போற இடத்துல மட்டும் காங்கிரீட் இல்லாம ஜல்லிப் படுக்கை மேல கல்லு அடுக்கியிருக்கு, வேர் தூக்குனா நாளைக்கு கல்லை எடுத்துட்டு திரும்ப அடுக்கிக்கலாம்.

இந்த வருஷத்து முதல் மழையில திரும்ப டார்ச் எடுத்துக்கிட்டுப் போனேன், அம்மாவும் கூட வந்தாங்க. தண்ணி பாதை மேல ஒரு மெல்லிசு தகடு மாதிரி தோட்டத்துப் பக்கம் இறங்கிட்டே இருந்துச்சு, சுவர் ஓரம் நனைஞ்சிருந்துச்சே தவிர எங்கேயும் நிக்கல. பெட்ரூம் சுவத்தை பூச்சு வரைக்கும் சுரண்டி அப்படியே விட்டிருக்கேன், ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு மாசம்னு காயுறதுக்குக் கணக்கு சொல்றாங்க, 9 இன்ச் சுவர், முழுசா காஞ்சப்புறம்தான் பெயிண்ட். சமையலறை மூலைகிட்ட மட்டும் சுவரோரச் சீலண்ட் ஒரு விரல் நீளத்துக்கு விட்டிருக்கு, அந்த இடத்துல போர்டுல தூசி இருந்திருக்கும்னு நெனக்கிறேன், சாக்பீஸ்ல வட்டம் போட்டு வெச்சிருக்கேன், ரெண்டு மூணு நாள் நல்ல வெயில் அடிச்சதும் பிய்ச்சு எடுத்துட்டு திரும்ப அடைக்கணும்.